பட்டுவைக் குளிப்பாட்டிய கதை

பவளங்கள் பேச ஆரம்பித்தபோது ஊரே மகிழ்ந்தது, ஜெசிந்தாவைத் தவிர.

ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி. கடல் உயிரியல் படித்துவிட்டு, சென்னையில் வீடு வீடாகப் போய் மீன்தொட்டிப் பவளங்களுக்கு வைத்தியம் பார்த்து வந்தாள். கடலிலிருந்து பவளம் எடுப்பது குற்றம் என்பதால், ஆய்வகத்தில் பெருக்கிய துண்டுகளைத்தான் கடைகளில் விற்பார்கள். வாங்கிப்போகிறவர்கள் ஆசையாக விளக்குப் போடுவார்கள், உப்புநீர் மாற்றுவார்கள், பெயர் வைப்பார்கள். சில மாதங்களில் பச்சைப் பாசி முடிமுடியாக வளர்ந்து பவளத்தை மூடும். இடுக்குகளில் தட்டைப்புழு குடியேறும். உடனே ஜெசிந்தாவுக்குப் போன் வரும். அவள் தொட்டி நீரையே ஒரு கிண்ணத்தில் மொண்டு, அதில் அளவாக ஹைட்ரஜன் பெராக்சைடு கலப்பாள். காயம் கழுவ மருந்துக்கடையில் வாங்குவோமே, பட்டதும் நுரைக்குமே, அதேதான். பவளத்தை அதில் சில நிமிடம் முக்கி வைத்தால் பாசியின் மேல் நுரை பொங்கும், புழுக்கள் உதிரும். பவளம் முகத்தைச் சுருக்கிக்கொண்டு சில நாள் கோபித்துக் கிடந்துவிட்டு, பிறகு விரியும்.

இந்தக் குளியலைப் பற்றி யாருக்கும் வருத்தம் இருந்ததில்லை, 'கடல்மொழி' வரும்வரை.

கடல்மொழி என்பது சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு வில்லை. பவளத்தின் அடியில் ஒட்டிவிட்டால், நீரில் கரையும் ரசாயனங்களையும் நுண்ணிய மின்துடிப்புகளையும் அது படிக்கும். வீட்டார் பேசுவதைக் கேட்டுக் கற்றுக்கொண்டு, அதே பேச்சில், வெளியே இருக்கும் சின்ன ஒலிபெருக்கி வழியாகச் சொல்லும். பெராக்சைடில் முக்கினால், 'எரியுது, விடு' என்று அலறும். அலறுகிற பவளத்தை யார் வீட்டில் முக்க விடுவார்கள்? போதாக்குறைக்கு ஒரு விதியும் வந்தது: சிகிச்சையின்போது வில்லையைக் கழற்றக் கூடாது, பேசுகிற உயிரின் வாயைக் கட்டிவிட்டு வைத்தியம் பார்ப்பது கொடுமை.

ஆகவே நகரத்துத் தொட்டிகளில் பவளங்கள் சிரித்துப் பேசிக்கொண்டே செத்துக்கொண்டிருந்தன. ஜெசிந்தாவுக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது. கிடைத்த வேலைக்குப் போனாலும் அந்த அலறல் காதோடு வீட்டுக்கு வந்துவிடும். வேறு ஏதாவது தொழில் பார்க்கலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் பெரம்பூரிலிருந்து ஞானசேகர் என்பவர் கூப்பிட்டார்.

"பவளத்துக்கு உடம்பு சரியில்லம்மா," என்றார். குரலைத் தணித்துக்கொண்டு, "வீட்ல அவங்ககிட்ட நான் கூப்பிட்டேன்னு சொல்லாம வர முடியுமா?" என்று கேட்டார்.

"சொல்லாம எப்படி சார் உள்ள வர முடியும்? ஜன்னல் வழியாவா?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "மூணாவது மாடி," என்றார் வருத்தத்தோடு.

அந்த வீட்டின் முன்னறை ஒரு காலத்தில் 'புவனா டிரைவிங் ஸ்கூல்' அலுவலகமாக இருந்தது. சுவரில் சாலைக் குறியீடுகளின் படம் இன்னும் தொங்கியது. வண்டிகள் எல்லாம் தாமாகவே ஓடப் பழகிவிட்ட பிறகு ஓட்டக் கற்றுக்கொள்ள ஆள் வரவில்லை. பாதி பெரம்பூருக்கு கிளட்ச் மிதிக்கச் சொல்லிக்கொடுத்த ஞானசேகரின் மனைவி புவனேஸ்வரி, அறுபதை நெருங்கும் வயதில், கத்துவதற்கு யாரும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். வெளிநாட்டிலிருக்கும் மகன் அம்மாவுக்குப் பொழுதுபோகட்டும் என்று தொட்டியையும் பவளத்தையும் வில்லையையும் சேர்த்து அனுப்பிவைத்தான். அது பொத்தான் பவளம். கைப்பிடியளவு கல்லின் மேல் ஆரஞ்சு நிறப் பொத்தான்களை நெருக்கமாகத் தைத்துவைத்தது போல இருக்கும். புவனா அதற்குப் பட்டு என்று பெயர் வைத்திருந்தாள்.

"பட்டு, யாரு வந்திருக்காங்க பாரு," என்றாள் புவனா.

"யாரா இருந்தா என்னம்மா," என்றது ஒலிபெருக்கி, இளசான குரலில். "வெளிச்சம் சூப்பரா இருக்கு. டாப் கியர்ல போயிட்டிருக்கேன்."

ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். பாதிப் பொத்தான்கள் மூடிக் கிடந்தன. பவளத்தின் மேலும், அது உட்கார்ந்திருந்த பெரிய பாறையின் மேலும் பச்சைப் பாசி நீரோட்டத்தில் அலைந்துகொண்டிருந்தது.

"அக்கா, இது முடி வெட்டுற கட்டத்தத் தாண்டிட்டு. சடை பின்னி ரிப்பன் கட்டலாம்."

"அது சந்தோஷமாத்தானே இருக்கு? அதுவே சொல்லுது."

"சொல்லுது. ஆனா பாக்கதுக்கு அப்படித் தெரியலயே."

ஞானசேகர் மூலையில் நின்றுகொண்டு தன் சட்டைப் பொத்தானை ஆராய்ந்துகொண்டிருந்தார். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் காலத்தைக் கழித்தவர். மாடிக்கு மாடி ஏறி இறங்கியதில் பேச்சை எங்கேயோ விட்டுவிட்டார் என்று புவனா சொல்லுவாள்.

அரைமனதாகச் சம்மதம் கிடைத்தது. ஜெசிந்தா கையுறை மாட்டி, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, கிண்ணத்தில் மருந்தைக் கலந்து, வில்லையோடு பட்டுவை உள்ளே இறக்கினாள். நுரை கிளம்பியது.

"அம்மா! எரியுதும்மா! அம்மா, பிரேக் பிடிங்க!"

புவனா வெறுங்கையை விட்டுப் பவளத்தைப் பிடுங்கித் தொட்டிக்குள் வைத்தாள். "போதும். எந்திரி. கிளம்பு."

"பாதியில விட்டா பிரயோசனமே இல்ல அக்கா. பாசி இன்னும் கெட்டியா வளரும். முதல்ல கையக் கழுவுங்க, இந்தப் பவளத்துல விஷம் உண்டு."

"என் பட்டுகிட்ட என்ன விஷம்? உங்கிட்டதான் இருக்கு!"

ஞானசேகர் லிஃப்ட் வரை வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, லிஃப்ட் கதவு மூடும்வரை எடுத்துக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு பட்டுவின் பேச்சு பெருகியது. காலையில் விளக்குப் போட்டதும் தொடங்கினால் விளக்கு அணைக்கும்வரை ஓயாது. புவனா தன்னிடம் கற்றுக்கொண்டவர்களின் கதைகளை ஒவ்வொன்றாக அதற்குச் சொன்னாள். பல் டாக்டர் ஒருவர் ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று முன்னால் பாய்ந்து பால் பூத்துக்குள் போய் நின்ற கதை பட்டுவுக்கு மிகவும் பிடிக்கும். "பூத்காரர் என்ன கேட்டாரு தெரியுமா? 'எத்தனை பாக்கெட் சார்?'" என்று அவள் முடிக்கும்போது சரியான இடத்தில் அது கலகலவென்று சிரிக்கும். ஞானசேகர் அந்தக் கதைக்குக் கடைசியாக எப்போது சிரித்தார் என்று இருவருக்குமே நினைவில்லை.

ஆனால் அவருக்குக் கண் இருந்தது. பொத்தான்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்ததைப் பார்த்தார். ஒருநாள் கடல்மொழி விற்றவர்களின் உதவி எண்ணுக்குப் போன் செய்தார்.

"பவளம் நிஜமாவே இதெல்லாம் பேசுதா தம்பி?"

"துடிப்பு நிஜம் சார். வார்த்தைதான் நம்மளோடது."

"ரெண்டுக்கும் நடுவுல?"

"நம்பிக்கை சார்," என்றான் அந்தப் பையன், மிகவும் பணிவாக.

அடுத்த முறை ஜெசிந்தாவைக் கூப்பிட்டது புவனாவேதான். வைத்தியத்துக்கு அல்ல. "எங்க வீட்டுக்காரர் தினமும் தொட்டிகிட்ட நின்னு பெருமூச்சு விடறார். நீ வந்து ஒரு தடவை பட்டுகிட்டயே கேட்டுட்டு, அது நல்லாருக்குன்னு அவர்கிட்ட சொல்லிட்டுப் போயிடு. தொட மட்டும் கூடாது."

ஜெசிந்தா வந்து பார்த்தாள். பாசிக்குள் பவளம் எங்கே என்று தேடவேண்டியிருந்தது.

"அக்கா, தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணித்தான் வந்தேன். ஆனா வெளிச்சத்துல வச்சுப் பாக்காம என்னால நல்லாருக்குன்னு பொய் சொல்ல முடியாது. மருந்து கிடையாது, சும்மா தொட்டித் தண்ணிதான். சரியா?"

புவனா தொட்டி நீரில் ஒரு கிண்ணத்தை நிரப்பி மேசையில் வைத்தாள். ஜெசிந்தா இடுக்கியால் பவளத்தை மெல்லத் தூக்கிக் கிண்ணத்தில் வைத்தாள். புவனா கிண்ணத்தருகே முகத்தைக் கொண்டுபோனாள்.

"பயப்படாதடா பட்டு. ஒண்ணும் பண்ண மாட்டாங்க. எப்படி இருக்க?"

"அப்பாடா!" என்றது ஒலிபெருக்கி. "ரொம்ப நல்லாருக்கேன்மா. இப்பத்தான் கால் நீட்ட இடம் கிடைச்சிருக்கு."

புவனா வெற்றியோடு நிமிர்ந்தாள். "கேட்டியா?"

ஜெசிந்தா தொட்டியைப் பார்த்தாள். ஞானசேகர் தொட்டிக்குள் விரலை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். பவளத்தைத் தூக்கும்போது வில்லை கழன்று விழுந்திருந்தது. தொட்டியின் அடியில், பாசி மண்டிய வெறும் பாறையின் மேல் அது கிடந்தது.

"பட்டு," என்றாள் புவனா மறுபடியும், இந்த முறை கிண்ணத்தைப் பார்த்து அல்ல, தொட்டியைப் பார்த்து.

"சொல்லுங்கம்மா. இன்னைக்கு இடம் எவ்வளவு தாராளமா இருக்கு பாருங்க. இனிமே இப்படியே இருக்கட்டும்."

கிண்ணத்தில் பவளம் சும்மா கிடந்தது.

ஜெசிந்தா வில்லையை எடுத்துக் கழுவினாள். பவளத்தின் ஒரு பக்கத்துப் பாசியைப் பல்துலக்கும் பிரஷால் ஒதுக்கி, மூடிக் கிடந்த பொத்தான்களின் மேலேயே அதை வைத்தாள். வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை. வில்லை பழுதாகிவிட்டதோ என்று அவள் நினைத்த சமயத்தில், வேறொரு குரல், தொலைவில் யாரோ திண்டாடி எழுந்திருப்பதுபோலக் கேட்டது.

"இருட்டா இருக்கு."

அப்போது நல்ல பகல். ஜன்னல் வெயில் கிண்ணத்தின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது.

புவனா நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்போ இவ்வளவு நாளா எங்கிட்ட பேசினது?"

"பாசி அக்கா. இந்த வில்லைக்கு யாரு பவளம், யாரு பாசின்னு தெரியாது போலுக்கு. யாரு சத்தம் ஜாஸ்தியோ அவங்க பேச்ச எடுத்துச் சொல்லும். வெளிச்சம் பட்டா பாசிக்குக் கொண்டாட்டம். ஆக்சிஜனும் சர்க்கரையுமா தண்ணிக்குள்ள விட்டுத் தள்ளும். இந்தப் பாவம் ஒரு ஓரத்துல முனகுனா எங்க கேக்கப்போவுது?"

"என் கல்யாணக் கதையை எல்லாம் பாசிகிட்டயா சொன்னேன்?"

"நல்லாக் கேட்டுச்சு இல்ல," என்றார் ஞானசேகர் ஆறுதலாக.

புவனா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் மறுபடி சட்டைப் பொத்தானுக்குத் திரும்பினார்.

ஜெசிந்தா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷப்படவேண்டிய நேரம் இது. அலறியது பவளம் இல்லை. ஊரெல்லாம் இனிச் சொல்லலாம். வேலை திரும்பி வரும். ஆனால் அவள் முகம் வெளுத்திருந்தது.

"என்னம்மா?" என்றாள் புவனா.

"குளிப்பாட்டும்போதெல்லாம், கொஞ்சம் பொறுத்துக்க, சரியாயிரும்னு அதுகிட்ட சொல்லிக்கிட்டே இருப்பேன் அக்கா. பவளத்துக்குச் சொல்லுறதா நெனச்சு. கத்துனது பாசின்னா, சரியாவுறதுக்கு அதுக்கு என்ன இருக்கு? அது சாவுறோம்னுதான் கத்தியிருக்கு. நான் பொறுத்துக்கன்னு சொல்லியிருக்கேன்."

இவ்வளவு நாளும் பாசியை யாரும் ஒரு ஆளாகக் கணக்கில் எடுத்ததில்லை. இப்போது அதற்குச் சிரிக்கத் தெரியும் என்பது மூவருக்கும் தெரியும். கிண்ணத்தில் இருப்பதற்கோ இருட்டு என்பதைத் தவிர ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

"ஒண்ணைக் காப்பாத்தினா ஒண்ணு போயிடும்," என்றாள் புவனா. "அப்படித்தானே?"

"ஆமா."

"குளிப்பாட்டலேன்னா?"

"ரெண்டு வாரம் தாங்கினா அதிசயம்."

புவனா தொட்டிக்குள் அலையும் பச்சையைப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தைப் பார்த்தாள். கிண்ணத்தில் இருந்தது ஒருநாளும் அவளைச் சிரிக்கவைத்ததில்லை. எழுந்துபோய் ஜெசிந்தாவின் பையிலிருந்து கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"நான் பண்றேன். நீ அளவு சொல்லு."

"இது பவளத்தோட பேச்சு இல்லன்னு ஆயிட்டு அக்கா. அந்த விதி செல்லாது. வில்லையக் கழட்டிரலாம்."

"வேண்டாம், இருக்கட்டும்." புவனா கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "என்ன பண்றோம்னு நமக்குத் தெரியணும். காதைப் பொத்திக்கிட்டு யாரையும் இடிச்சிட்டுப் போகச் சொல்லி நான் சொல்லிக்கொடுத்ததில்ல."

வில்லையை மறுபடி பவளத்தின் அடியில், பாசியோடு பாசியாக ஒட்டினார்கள். மருந்து கலந்த நீரில் புவனா தன் கையாலேயே அதை இறக்கினாள். நுரை பொங்கியது.

"அம்மா, எரியுது."

"தெரியும்டா."

"என்னம்மா பண்றீங்க?"

புவனா கிண்ணத்தின் மேல் குனிந்தாள். முதல் நாள் வண்டி ஓட்ட உட்கார்ந்தவர்கள் நடுங்கும்போது அவர்களிடம் பேசுகிற அந்தத் தணிந்த குரலில், "ஒரு பல் டாக்டர் இருந்தார்," என்று ஆரம்பித்தாள். "கண்ணாடியைப் பாத்து மெதுவா ரிவர்ஸ் எடுங்கன்னு சொன்னேன். அவர் கண்ணாடியில தலைமுடியைச் சரிபண்ணிக்கிட்டார்…"

அலறல் குறைந்தது. கேட்கிறதா, ஓய்கிறதா என்று தெரியவில்லை. நுரை விளிம்பைத் தொட்டது. ஜெசிந்தா பாதுகாப்புக் கண்ணாடிக்குள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தாள். புவனா ஒரு வார்த்தையும் விடாமல் சொன்னாள். வண்டி பாய்ந்தது, பால் பூத் உடைந்தது, பூத்காரர் எட்டிப் பார்த்தார்.

"'எத்தனை பாக்கெட் சார்?'னு கேட்டார்," என்று முடித்துவிட்டு நிறுத்தினாள்.

சிரிப்பு வரவில்லை. ஒலிபெருக்கியில் மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்டது.

அப்போது ஞானசேகர் சிரித்தார். காலம் தப்பி வந்த, கேட்கவே சகிக்காத சிரிப்பு. புவனா ஈரக் கையுறையோடு அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சட்டையில் பெராக்சைடு பட்டு ஒரு வெள்ளைத் திட்டு விழுந்தது. அந்தச் சட்டையை அவர் பிறகு மாற்றிக்கொள்ளவே இல்லை என்று சொன்னால் மிகையாகும். மறுநாள் துவைக்கப் போட்டார்.

பவளத்தைச் சுத்தமான நீரில் அலசி எடுத்தார்கள். பாறையைத் தேய்த்துக் கழுவ ஜெசிந்தா குனிந்தபோது புவனா தடுத்தாள். "இது வேண்டாம். வளர்றது அதோட வேலை. அது வேற என்ன தப்பு பண்ணுச்சு?" பாறையை ஒரு கண்ணாடிச் சாடியில் உப்புநீரோடு போட்டு பால்கனி வெயிலில் வைத்தாள். அதில் வில்லை ஒட்டவில்லை. தொட்டிக்கு வேறு பாறை வந்தது.

பட்டு பிழைத்தது. முதலில் ஒரு பொத்தான், பிறகு பக்கத்தில் ஒன்று, பிறகு ஒரு வரிசையே விரிந்தது. அந்த ஆரஞ்சு நிறத்தைப் புவனா உண்மையில் மறந்தே போயிருந்தாள். ஜெசிந்தா ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி விஷயத்தைச் சொன்னாள். சிலர் குளிப்பாட்டச் சம்மதித்தார்கள். சிலர் யோசித்துவிட்டு, "பாசியே இருக்கட்டும் மேடம், அதுதான் நல்லாப் பேசுது," என்றார்கள். அவள் அவர்களோடு சண்டை போடவில்லை. குளிப்பாட்டும்போது பொறுத்துக்க என்று சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

பட்டு பேசவில்லை. புவனா தினமும் எதிரே உட்கார்ந்து குசலம் விசாரித்தாள். அது நன்றாகத் தின்றது, நன்றாக விரிந்தது, மௌனமாக இருந்தது. "இன்னொண்ணு வந்து சேர்ந்திருக்கு, உங்களுக்கு ஜோடியா," என்று ஞானசேகரிடம் சலித்துக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் காலையில் அது வாயைத் திறந்தது.

"உப்பு ஜாஸ்தி," என்றது.

புவனா பதறிப்போய் ஜெசிந்தாவைக் கூப்பிட்டாள். ஜெசிந்தா உப்பு அளக்கும் மானியோடு ஓடிவந்து நீரைச் சோதித்தாள். உப்பு சரியாகத்தான் இருந்தது. மறுநாளும் அது அதையே சொன்னது. கொஞ்சம் நல்ல தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். "உப்பு ஜாஸ்தி," என்றது பட்டு, அசையாமல். மூன்று பேரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். ஜெசிந்தா தன் மானியையே சந்தேகப்பட்டு நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள்.

"சரியாத்தானே இருக்கு," என்று அவள் முணுமுணுத்தபோது பட்டு நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்து, முழு வாக்கியத்தைச் சொன்னது.

"நேத்து சாம்பார்ல உப்பு ஜாஸ்தி. புவிகிட்ட சொல்லிடாத. முகம் வாடிடும்."

புவனாவை ஊரில் யாரும் புவி என்று கூப்பிடுவதில்லை. கல்யாணமான புதிதில் ஒருவர் மட்டும் கூப்பிட்டார். அதுவும் எப்போதோ நின்றுபோயிற்று என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"சாம்பாரா?" என்றாள்.

ஜெசிந்தா நாக்கிலிருந்த உப்பை விழுங்கினாள். "அக்கா… துடிப்பு வர்ற நேரத்துல பக்கத்துல யாரு பேசுறாங்களோ, அவங்ககிட்டருந்துதான் இந்த வில்லை வார்த்தை எடுத்துக்கிடும். விளக்கு எரியும்போது பாசிதான் சத்தம் போடும். அப்போ நீங்க பேசினீங்க, அது உங்க பேச்சு பேசுச்சு. விடிகாலையில விளக்கு போடுறதுக்கு முன்னாடி பாசி அடங்கிக் கிடக்கும். பவளத்தோட துடிப்பு மட்டுந்தான் இருந்திருக்கும், அப்போ கேட்ட பேச்சுதான் அதுக்கு ஒட்டிக்கிட்டு." அவள் குரல் தயங்கியது. "அந்நேரம் இங்க யாரு உக்காந்து பேசுவா?"

இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஞானசேகர் கதவருகே செருப்பில் ஒரு காலை நுழைத்திருந்தார். "கொஞ்சம் கடைக்குப் போயிட்டு…"

"உக்காருங்க," என்றாள் புவனா.

பாதி பெரம்பூரை பிரேக் மிதிக்கவைத்த குரல் அது. அவர் உட்கார்ந்தார்.

புவனா ஒரு நாற்காலியை இழுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டுக்கொண்டாள். அவள் முகம் வாடவில்லை. ஆனால் அது அவருக்குத் தெரியாதபடி தொட்டிப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

"அப்புறம் பட்டு?" என்றாள். "வேற என்னெல்லாம் சொன்னார்?"